ஸ்டேஷன் புத்தகத்தில் இருக்கும் மாதையன்

1

ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் நம் பேரில் வழக்கு இல்லை என்று எழுதி வாங்குவது எப்படி, இருந்தால் அதன் விவரத்தைக் கேட்பது எப்படி என்று இங்கே ஈப்போவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். தர்மபுரி ஜில்லாவிலிருந்து மலேயா வந்து ஆளானவர்களில் அந்த ஒரு காரியத்துக்காகவே கப்பலேறிப் போய்த் திரும்பியவன் நான்தான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டவன். ஆனாலும் எந்த மனுவை எந்த மேஜையில் கொடுக்க வேண்டும், எந்த மேஜையில் கொடுத்தால் அது செத்துப்போகும் என்று ஒரு வக்கீலைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் காதர் பாய் வந்தார். தர்மபுரி டவுன்காரர். இங்கே தையல் கடை வைத்திருக்கிறார். நான் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாதண்ணே, குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன். பொறந்த ஊர் போலீசுல இருந்து பேப்பர் கொண்டான்னுட்டான். நீங்கதான் இதுல பழந்தின்னு கொட்டை போட்டவருன்னாங்க."

"பழத்த யாரு பாய் தின்னா? கொட்டைதான் தொண்டையில நிக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவருக்கு வழி சொல்லி அனுப்பினேன். பிறகு யோசித்தேன். ஊரில் இருப்பவர்களும் இதைப் பத்திரிகையில் படிக்கட்டும். வெளிநாட்டுக்கு வந்தவன் பவுனும் சட்டையுமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பேப்பருக்கு அவன் என்ன பாடு படுகிறான் என்று தெரியட்டும்.

2

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? இளவட்டமாக வந்து இறங்கியபோது ஒரு மாட்டுக்காரரிடம் புல்லறுக்கும் வேலை. ரயில் பாதை ஓரத்தில், மழையில், அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்க அறுத்தேன். அப்புறம் சொந்தமாக ஒரு கன்றுக்குட்டி. அப்புறம் ஒரு கொட்டகை. கடைசியில் பதினெட்டு உருப்படி. ஈப்போவில் எந்த மிட்டாய்க் கடைக்காரரையும் கேளுங்கள், மாதையன் பாலில் தண்ணீர் கலந்ததாக ஒருவன் சொல்ல மாட்டான். பெரிய டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் என் பாலில் வளர்ந்தவர்கள். சீனக் கடைக்காரர்கள் என் பெயரை விட்டுவிட்டுப் பாலுக்கான மலாய்ச் சொல்லாலேயே "சூசு" என்று கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை. எங்களைப் போல் வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு அட்டை. என் பெண்டாட்டி இங்கேயே பிறந்தவள், நீலம். மூன்று பிள்ளைகளும் நீலம். வீட்டில் சிவப்பு நான் ஒருவன். முன்பு இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. கோலாலம்பூரில் கலவரம் நடந்த பிறகு எல்லாம் இறுகிவிட்டது. வேலை செய்யச் சிவப்பு அட்டைக்காரன் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கொட்டகை இருந்த இடம் அரசாங்கத்துடையது. இனிமேல் அந்த இடத்துச் சீட்டும் பால் விற்கும் லைசென்சும் குடிமகனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். குடியுரிமை கிடைத்தால் கொட்டகை என்னுடையது. கிடைக்காவிட்டால் என் கையால் நட்ட ஒவ்வொரு கம்பும் இன்னொருவன் பேருக்குப் போகும்.

மலாய் பேசத் தெரிகிறதா என்று ஒரு சோதனை வைத்தார்கள். படித்தவர்கள் நடுங்கினார்கள். நான் மாட்டைப் பற்றிப் பேசினேன். மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று அதிகாரிக்கே மலாயில் வைத்தியம் சொன்னேன். அவர் சிரித்து, பாஸ் போட்டார். அப்புறம்தான், பிறந்த ஊரில் போலீஸ் வழக்கு இல்லை என்று பேப்பர் வேண்டும் என்றார்.

கோலாலம்பூருக்குப் போய் நம் தேசத்துத் தூதரகத்தில் எழுதிக் கொடுத்தேன். பதில் வர மாசக்கணக்கில் ஆனது. பதிவு இலாகா அதிகாரி அதைப் படித்துவிட்டு மேஜைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரே சொன்னார்: சாராயம் காய்ச்சிய வழக்கில் ஒரு முறை தண்டனை. சேலம் ஜெயில்.

"இது யார்?" என்று கேட்டார்.

இது யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு மலாயில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே அதைச் சொல்வது லேசில்லை.

3

எங்கள் ஊர் ஏரியூரிலிருந்து காவிரிக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலை. தாத்தா காலத்தில் பிள்ளைகள் தங்காமல் போகவே, வீட்டில் பிறக்கிற தலைப்பிள்ளைக்கெல்லாம் மாதையன் என்று பெயர் வைப்பதாக அந்த மலைக்கு நேர்ந்துகொண்டார்கள். பெரியப்பாவின் தலைப்பிள்ளை மாதையன். என் அப்பாவுக்குத் தலைப்பிள்ளை நான், நானும் மாதையன். வீட்டில் அவர் பெரிய மாது, நான் சின்ன மாது. அவரை நான் அண்ணா என்பேன்.

நான் தவழும்போதே அப்பா கோவிந்தன் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே அடுப்பு, ஒரே உலை. பெரியப்பா பச்சையப்பன்தான் குடும்பத்துக்குத் தலை. எங்கள் பக்கத்தில் "யார் மகன்" என்று கேட்கும் வழக்கம் குறைவு. "யார் வூட்டுப் பையன்" என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் தகப்பன் பெயர் கேட்டபோது பெரியப்பா தன் பெயரைச் சொன்னார். செத்தவன் பெயரை எழுத வைத்தால், தம்பி பிள்ளையை அநாதையாக விட்டுவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். அது அவருக்குத் தலைக்குனிவு. பாஸ்போர்ட்டுக்கு மணியக்காரர் எழுதிக் கொடுத்தபோதும் அதே கதை. மாதையன், தகப்பனார் பச்சையப்பன். ஊரில் இது ஒரு தப்பே இல்லை. மரியாதை.

அதனால் பேப்பரில் அண்ணனும் நானும் ஒரே ஆள். ஒரே பெயர், ஒரே தகப்பன், ஒரே ஊர்.

மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலத்தில் அண்ணன் ஓடைப் பள்ளத்தில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சினார். மழை பொய்த்த வருஷம், யாரும் குறை சொல்லவில்லை. போலீஸ் பானையோடு பிடித்தது. சேலம் ஜெயிலில் இருந்தார். நானும் என்னைப் பெற்ற ஆத்தாவும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த வருஷம் நான் கப்பலேறினேன்.

4

இனி வழி சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

நேரில் போக முடிந்தவர்கள் முதலில் உங்கள் கிராமம் எந்த ஸ்டேஷனைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இடையில் எல்லை மாறியிருக்கும். வெள்ளைத் தாளில் மனு எழுதுங்கள். பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, எந்த வருஷம் வரை ஊரில் இருந்தீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள், எல்லாம் வேண்டும். கோர்ட் ஸ்டாம்பு ஒட்டுங்கள். ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து வணக்கம் வையுங்கள், ஆனால் மனுவை ரைட்டர் கையில் கொடுங்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அவர்தான். புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது ஸ்டேஷன் இல்லை. அங்கிருந்து சர்க்கிளுக்கு, அங்கிருந்து டி.எஸ்.பி. ஆபீசுக்கு, கடைசியில் ஜில்லா எஸ்.பி. ஆபீசுக்குப் போய்த்தான் பேப்பர் வரும்.

வழக்கு இருக்கிறது என்றால், வழக்கு நம்பரும் கோர்ட்டின் பெயரும் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் கோர்ட் வாசலை மிதிக்க வேண்டாம். நம்பர் இருந்தால் கோர்ட்டில் நகல் மனு போடலாம். தீர்ப்பின் நகல் கொடுப்பார்கள்.

நான் மெட்ராசில் இறங்கி, ரயில் ஏறி மொரப்பூர் வந்து, பஸ் பிடித்தேன். பென்னாகரம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் "பசியாற எங்க நிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். இங்கே காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம்.

"இன்னாங்க பசியாறது? டிபனுங்களா?" என்றான் அவன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் ஊர்ப் பஸ்ஸில் நான் அயலூரான்.

இன்னொன்றையும் பார்த்தேன். மதுவிலக்கை எடுத்திருந்த சமயம் அது. ரோட்டோரத்தில் போர்டு மாட்டிச் சாராயக் கடை நடந்தது. போலீஸ்காரர் ஒருவர் அதன் வாசலில் நின்று வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். எந்தச் சாராயத்துக்காக எனக்குக் குடியுரிமை இல்லையோ அந்தச் சாராயத்தை அரசாங்கமே விற்றுக்கொண்டிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஸ்டேஷனில் ரைட்டர் நல்ல மனிதர். டீ வாங்கிவரச் சொல்லி எனக்கும் கொடுத்தார். பழைய புத்தகத்தைத் தூசி தட்டி விரித்தார். ஒரே ஒரு வரி. மாதையன், தகப்பனார் பச்சையப்பன், ஊர், மதுவிலக்குச் சட்டம், தண்டனை.

"ஆளு நானில்லீங்க. எங்கண்ணன்" என்றேன்.

"அங்க அடையாளம், கைரேகை, எல்லாம் கோர்ட் கட்டுல, ஜெயில் கட்டுல இருக்கும். எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. சேலத்துக்குப் போனேன். வழக்கு நடந்தபோது நாங்கள் சேலம் ஜில்லா. இப்போது தர்மபுரி ஜில்லா. அங்கே போனால், புது ஜில்லாவுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். தர்மபுரிக்கு வந்தால், இங்கே வரவில்லை என்றார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து மறுபடி சேலம் போய், உள்ளே தேடச் சொன்னேன். கடைசியில் தெரிந்தது இதுதான்: முடிந்துபோன சின்ன வழக்குகளின் கட்டுகளை இத்தனை வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. எரித்துவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. விதிப்படிதான் செய்திருக்கிறார்கள்.

ஆகவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனையைச் சொல்கிற வரி இருக்கும். தண்டனை பெற்றவன் நீ இல்லை என்று சொல்லக்கூடிய மச்சமும் ரேகையும் உயரமும் இருக்காது. ஒட்டுப் போட்ட துணி இற்றுப்போய் ஒட்டு மட்டும் மிஞ்சுவது போல.

திரும்ப வந்து ரைட்டரிடம் சொன்னேன். அவர் புத்தகத்தை மறுபடி விரித்தார். பிறகு அந்த வரியின் ஓரத்தைக் காட்டினார். பென்சிலில் ஒரு வார்த்தை. படிக்கத் தெரிந்த வார்த்தைதான்.

மலேயா.

"இது எப்ப எழுதுனதுங்க?"

"போன வருசம். உங்கண்ணன் மகன் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டான். குடும்பத்துல வழக்கு உண்டான்னு நாங்க விசாரிக்கணும். இந்த வரி வந்துச்சு. உங்கண்ணனக் கூப்ட்டுக் கேட்டம். இது நானில்ல, தம்பிங்க, மலேயா போயிட்டான்னாரு."

5

அண்ணன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சேலம், தர்மபுரி என்று அலைந்துவிட்டு வந்த என்னைக் கண்டதும் கையைத் துடைக்காமலே வந்து கட்டிக்கொண்டார். நான் வந்திறங்கிய நாளிலிருந்து அவர் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. அவர் பெண்டாட்டி எனக்கென்று தினமும் கோழி அடித்தாள். அதனால் கேட்பதற்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அண்ணா, ஸ்டேஷன்ல எம்பேரச் சொன்னியா?"

அவர் மறைக்கவில்லை. "சொன்னேன்டா மாது. நீ கடலுக்கு அந்தாண்ட இருக்கற. உன்ன என்ன பண்ணப் போறாங்கன்னு நெனச்சேன்."

"பண்ணிட்டாங்க. இன்னா தெரியுமா? பதினெட்டு மாடு கட்டியிருக்கறேன். அந்தக் கொட்டாய் போயிரும்."

"இங்க எனக்கு ரெண்டு மாடு. எதுவும் போவாது, ஏன்னா எதுவும் இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "சக்திவேலு பயிற்சிக்குப் போயிருக்கறான். அப்பன் ஜெயிலுக்குப் போனவன்னு தெரிஞ்சா, அதுவும் பொய் சொன்னான்னு தெரிஞ்சா, அடுத்த பஸ்ஸுல அனுப்பிருவாங்க. நம்ம வூட்ல மொதோ அரசாங்க வேலடா."

"நீ வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். ரேக வெச்சா என் பேப்பர் சரியாயிரும்."

"மாட்டேன்."

"அண்ணா."

"கால்ல வேணா வுழுவறேன். ஸ்டேஷனுக்கு வர மாட்டேன்."

வயசில் மூத்தவர், விழுந்தும்விட்டார். ஈரத் தரையில். நான் பதறித் தூக்கினேன். தூக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. விழுந்துவிட்டால் நான் விட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். நான் விடவில்லை. நான் யாருக்கும் விட்டுக்கொடுத்து மேலே வந்தவன் இல்லை.

மறுநாளே தர்மபுரி போய் எஸ்.பி. ஆபீசில் திருத்தச் சொல்லி மனு கொடுத்தேன். மனுவில் கடைசி வரி நானே சொல்லி எழுதச் சொன்னது: "எவரையும் நம்பாவிட்டாலும் என்னைப் பெற்ற தாயாரை விசாரித்தால் உண்மை விளங்கும்."

மனு எழுதிய வக்கீல் குமாஸ்தா, "நல்ல பாயிண்டுங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

6

சப்-இன்ஸ்பெக்டர் ஊருக்கே வந்தார். சாவடியில் நாற்காலி போட்டார்கள். சின்ன வயசு, சுருக்கமாகப் பேசுகிறவர். ஊரில் பெரியவர்களை வரச் சொன்னார். இவர்கள் எல்லாரும் அண்ணன் காய்ச்சிய சரக்கைக் குடித்தவர்கள்.

மணியக்காரர் முதலில் வந்தார். "ரெண்டு பேரும் மாதையன்தானுங்க. எந்த மாதுன்னு நெனப்பில்லீங்களே."

"ஜெயிலுக்குப் போனவனத் தெரியாதா உங்களுக்கு?"

"ஊருல பாதிப் பேரு போயிட்டு வந்தாங்க அப்ப. யாரன்னு வெச்சிக்கிறது?"

அடுத்தவர் எங்களுக்கு மாமா முறை. கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். "சரக்கு நல்லா இருந்துதுங்க சார். யாரு காச்சுனதுன்னு நாங்க கேக்கறதில்ல. கேட்டா அடுத்த தடவ கெடைக்காதுங்களே."

சாவடியே சிரித்தது. சப்-இன்ஸ்பெக்டரும் சிரித்தார். எனக்கு மட்டும் வியர்த்தது. கூட்டத்தில் ஒருத்தன் கண்ணையும் என்னால் பிடிக்க முடியவில்லை. எல்லாருக்கும் நாளைக்கு அண்ணனோடு ஏர் பூட்ட வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நான் கப்பலுக்குப் போகிறவன்.

அண்ணன் வந்து, "நானில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

பிறகு ஆத்தாவைக் கூப்பிட்டார்கள். அண்ணன் பெண்டாட்டி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஆத்தாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. காது சரியாகக் கேட்கும். நான் எழுந்து நின்றேன். இனிக் கவலையில்லை என்று நினைத்தேன்.

"ஏம்மா, இதுல உங்க மகன் யாரு?"

"இவந்தானுங்க சாமி. வெள்ளச் சட்ட. கோவிந்தன் மகன். பேரு மாதையன்."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தகப்பன் பெயரையே சொல்லிவிட்டாள்.

"சாராயக் கேசுல சேலம் ஜெயிலுக்குப் போனது யாரு? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. கோவிந்தன் மகனா, பச்சையப்பன் மகனா?"

ஆத்தா ரோசனை பண்ணவில்லை.

"கோவிந்தன் மகந்தானுங்க" என்றாள். "எம்மவன். நாந்தான் சோறு கொண்டுட்டுப் போனேன்."

"ஆத்தா!" என்று கத்தினேன். சப்-இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். எழுதினார். வாசித்துக் காட்டினார். ஆத்தா தலையாட்டினாள். கட்டை விரலை மையில் தொட்டு வைத்தாள். எத்தனை நிதானமாக வைத்தாள்!

"பெத்த தாயே சொல்லிட்டாங்க. உங்க மனுவுல நீங்க கேட்டதும் அதுதான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அவர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன்.

7

அன்று சாயங்காலம் ஆத்தா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் அவர் பெண்டாட்டியும் வேண்டுமென்றே காட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

"ஏன் ஆத்தா?"

"ஒக்காரு."

"ஏன் அப்படிச் சொன்னே? பொய்யின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கட்டுச்சோறு கட்டுனது நானு, எனக்குத் தெரியாதா?" கை நிற்கவில்லை. "உனக்கு அங்க வூடு இருக்குது. பொண்டாட்டி இருக்கறா. மாடு கன்னு இருக்குது. கோட்டு போட்டுப் படம் புடிச்சி அனுப்பிச்சியே. எனக்கு இந்த வூட்ட வுட்டா எந்த வூடு? நான் வுழுந்து கெடந்தா அள்ளறவ அவம் பொண்டாட்டி. நாளைக்கு எனக்குக் கொள்ளி வெக்கறவன் அவன்."

"நான் வெக்க மாட்டனா?"

"எப்பிடி வெப்ப? சேதி வந்து, நீ கப்பல் புடிச்சி வர்றதுக்குள்ள நான் நாறிப் போயிருவேன்."

நான் அனுப்பியதையெல்லாம் சொல்லிக் காட்டினேன். கம்பளி, சேலை, தைலம், மூக்குக் கண்ணாடி. வாய் இருக்கிறது, நிறுத்த முடியவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் வந்துது சாமி. நீதான் வரல. இப்பவும் நீ என்னப் பாக்க வரல, பேப்பர் வாங்க வந்த. பேப்பர் வேணும்னாத்தான் உனக்கு ஊரு வழி தெரியுது." ஒரு காயை உரித்து முறத்தில் போட்டாள். "உங்கிட்ட நெறைய இருக்குது. ஒண்ணு போனாத் தாங்குவ. சக்திவேலு கிட்ட அது ஒண்ணுதான் இருக்குது."

என் வாழ்க்கையில் என்னைத் தாங்குவான் என்று சொன்னவர்கள் எல்லாரும் என் தலையில் ஏற்றத்தான் சொன்னார்கள். புல்லுக்கட்டு ஏற்றியவரும் அப்படித்தான் சொன்னார். ஆத்தா சொன்னதைத்தான் என்னால் இறக்க முடியவில்லை.

8

எஸ்.பி. ஆபீசிலிருந்து முறையாகச் சான்றிதழ் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் குறையில்லை. நன்கு விசாரித்ததில் மேற்படி தண்டனை மேற்படி நபருக்கே உரியது என்று உறுதிப்படுகிறது. நான் கேட்காமல் இருந்திருந்தால் அது ஒரு சந்தேகமாகவே இருந்திருக்கும். தூதரகத்துக்கு எழுதி எழுதி இழுத்தடித்திருக்கலாம். கேட்டதால், நானே கூட்டிவந்த சாட்சியால், சந்தேகம் தீர்ந்துவிட்டது.

குடியுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள். கொட்டகையை மூத்தவன் பெயருக்கு மாற்றினேன். அவன் பாங்கில் வேலை பார்க்கிறான், சட்டையில் சாணி நாற்றம் ஆகாது. ஒவ்வொரு மாடாக விற்றான். என்னைக் கேட்டுத்தான் விற்றான், பொய் சொல்லக் கூடாது. "அப்பா, இதை வித்துடலாமா?" என்பான். அவன் பெயரில் இருக்கிற மாட்டை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இப்போது இரண்டு இருக்கின்றன. விடியலில் எழுந்து அந்த இரண்டைக் கறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் நாலு வீடு வாங்குகிறது. மீதி எல்லாரும் டின் பாலுக்கு மாறிவிட்டார்கள்.

பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னேன். மூத்தவன் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். சின்னவள் பத்தாவது முடித்தவள், சூட்டிகை. பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவாள். அவள் சான்றிதழை வாங்கி இங்கிலீஷில் முழுக்கப் படித்தாள். எனக்கு இதுவரை யாரும் அப்படி முழுதாகப் படித்துச் சொன்னதில்லை.

"அப்பா, இதுல பாட்டியே சொல்லியிருக்காங்களே."

"பொய் சொன்னாங்கம்மா."

"அம்மா போய் மகனைப் பத்திப் பொய் சொல்வாங்களா?" அவளுக்கு என்மேல் இரக்கம். அது தெரிந்தது. "பரவாயில்லப்பா. சின்ன வயசுல செஞ்சது. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

செய்யாத குற்றத்துக்கு என் மகள் என்னை மன்னித்துவிட்டாள். அதற்குமேல் நான் வாதாடவில்லை. மெய்யைச் சொல்லச் சொல்ல என் முகம் பொய் சொல்கிறவன் முகம் போல ஆவது எனக்கே தெரிந்தது.

ஆத்தா போனது தந்தியில் வந்தது. சிவப்பு அட்டைக்காரன் வெளியே போனால் திரும்பி வர அனுமதி வாங்க வேண்டும். வாங்குவதற்குள் காரியமே முடிந்துவிட்டது. அண்ணன்தான் எல்லாம் செய்தார். குறையில்லாமல் செய்தார் என்று ஊரிலிருந்து எழுதினார்கள்.

இதைப் படிக்கும் நம் ஜில்லாக்காரர்கள் யாருக்காவது ஊர்ப் போலீஸ் விவரம் வேண்டுமென்றால் முன்போல அலைய வேண்டாம். எஸ்.பி. ஆபீசில் பழைய பதிவுகள் இருக்கிற பிரிவில் இப்போது சக்திவேல் என்று ஒரு போலீஸ்காரர் இருக்கிறார். ஏரியூர்ப் பக்கம். லஞ்சம் வாங்க மாட்டார், எரிந்து விழ மாட்டார், எவ்வளவு பழைய வரியானாலும் தேடி எடுத்துக் கொடுப்பார் என்று போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு வாழ்த்து அட்டை போடுகிறார். அன்புள்ள சித்தப்பாவுக்கு என்றுதான் ஆரம்பிப்பார். தைரியமாக அவரைப் போய்ப் பாருங்கள். யார் அனுப்பினது என்று கேட்டால், பத்திரிகையில் படித்தோம் என்று மட்டும் சொல்லுங்கள்.